ஃபில்டரை மாற்றுவதற்கு முன்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களில் வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜும் ஆர்.ஓ. மெஷினும் பழுது பார்க்கும் தம்பிகளுக்கு,



வெயில் ஏறத் தொடங்கியதும் உங்களுக்கு வரும் போன்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "ஃப்ரிட்ஜ்ல புடிக்கிற தண்ணி வாய்ல வைக்க முடியல தம்பி, வந்து பாருங்க." போகிறீர்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறீர்கள். காசு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்புகிறீர்கள். சில நாளில் அதே வீட்டிலிருந்து அதே புகார். இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கேட்கும்போது, நின்று நிதானித்துத் தண்ணீரைப் பார்க்க உங்களுக்கு யார் நேரம் கொடுக்கிறார்கள்? ஆனாலும் நம் பாலாற்றங்கரை ஊர்களில் தண்ணீரின் ருசி கெட்டால் அது அந்தப் பெட்டியின் பழுதோடு நிற்பதில்லை. ஃபில்டரில் கை வைப்பதற்கு முன் அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கண்டதை எண்ணாக ஒரு சீட்டில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான்.

நான் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டரோடு அக்கம்பக்கத்து வீடுகளில் தண்ணீர் பார்த்துச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிப் போன ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆம்பூரில் ரயில்வே லைனை ஒட்டிய தெரு. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் பெண், போனஸ் பணத்தில் முன்தொகை கட்டித் தவணையில் எடுத்த ஃப்ரிட்ஜ். கதவின் உள்பக்கம் ஒரு தொட்டி, அதில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி வைத்தால் வெளியே தம்ளரை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் டிஸ்பென்சர் என்று விற்பவை பெரும்பாலும் இந்த வகைதான். "சில நாள் உப்பு கரிக்குது சார், சில நாள் ஒண்ணுமே தெரியல" என்றார். ஏற்கெனவே வந்த ஒருவர் ஆர்.ஓ.வின் ஃபில்டர்களை எல்லாம் மாற்றியிருந்தார். இன்னொருவர் ஃப்ரிட்ஜ் தொட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எந்தெந்தக் கிழமையில் கரிக்கிறது என்று கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மாமியார் பதில் சொன்னார்: "காவேரித் தண்ணி வராத நாளு, போர் மோட்டார் போடுவோம்ல, அன்னிக்குத்தான்."

பாதி வேலை அங்கேயே முடிந்தது. காவிரித் தண்ணீர் வரும் நகராட்சிக் குழாயும் போர் குழாயும் ஒரே சம்பில் விழுகின்றன. சமையல் மேடையில் தம்ளர்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் மீட்டரை விட்டு, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று பார்த்தோம். பிடித்து வைத்திருந்த நகராட்சித் தண்ணீர் 280. போர் 2,300. மாடித் தொட்டி 1,900. ஆர்.ஓ.விலிருந்து வருவது 780. ஃப்ரிட்ஜ் தொட்டியில் இருப்பதும் அதே 780. ஃப்ரிட்ஜுக்குள் போன எண்ணும் வெளியே வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால் ஃப்ரிட்ஜின் மேல் பழி இல்லை. ஆர்.ஓ.வைத் திறந்தேன். மெம்பரேனும் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருக்கும் டி.டி.எஸ். குமிழ் முக்கால்வாசி திறந்து கிடந்தது. எப்போதோ "தண்ணி சப்புன்னு இருக்கு" என்று இவர்கள் சொல்ல, வந்தவர் அதைத் திருகிவிட்டுப் போயிருக்கிறார். மூடி, தொட்டியை ஒருமுறை காலி செய்து மறுபடி பிடித்தோம். 150. ஒரு பைசா செலவில்லை.

அந்தக் குமிழைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் நடக்கும் பெரிய தப்பு அதில்தான் இருக்கிறது. மெம்பரேன் வடித்த தண்ணீரோடு, மெம்பரேன் வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. ருசி கூடும், உண்மை. ஆனால் கலப்பது எதை? நல்ல ஆற்றுத் தண்ணீரைக் கலந்தால் அதில் வருவது பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும். இங்கே போர் தண்ணீரைக் கலந்தால் வருவது அந்தப் போரில் இருக்கும் அத்தனையும். எந்த உப்புக்கும் உலோகத்துக்கும் பயந்து அந்த வீடு பல ஆயிரம் கொடுத்து மெஷின் வாங்கியதோ, அதற்கே பின்வாசலைத் திறந்துவிடுகிறோம். புற ஊதா விளக்கு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது கிருமியைக் கொல்லும், கரைந்திருப்பதைத் தொடாது. ஆகவே உள்ளே வருவது போர் தண்ணீர் என்றால் குமிழ் முழுதும் மூடியே இருக்கட்டும். சப்பென்று இருக்கிறது என்றால் மினரல் கார்ட்ரிட்ஜ் போடுங்கள், அல்லது காவிரித் தண்ணீருக்கென்று தனியாக ஒரு சிறு தொட்டி வைத்து அதிலிருந்து மெஷினுக்கு லைன் கொடுக்கச் சொல்லுங்கள். மேட்டூரிலிருந்து குழாயில் வரும் அந்தத் தண்ணீர் 500-க்குக் கீழே இருக்கும் வீட்டில் ஆர்.ஓ.வே தேவைப்படாமல் போகலாம். கார்பனும் புற ஊதா விளக்கும் போதும். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டதையும் நினைவில் வையுங்கள். விற்பனைக்கு இது இடைஞ்சல்தான். சொல்லத்தான் வேண்டும்.

ஃப்ரிட்ஜே காரணமாக இருக்கும் வீடுகளும் உண்டு. தொட்டி வைத்த மாடலில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றால் அதில் இருந்த கொஞ்ச நஞ்சக் குளோரினும் போய்விடும். அடுத்த தட்டில் மூடாமல் வைத்த முந்தின நாள் பிரியாணியின் வாடையைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். தொட்டியின் அடியில் தம்ளர் அழுத்தும் வால்வு இருக்கிறதே, அதைக் கழற்றி ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் கிருமிப்படலம் கட்டிவிட்டது. மண் வாடையும் பூஞ்சை வாடையும் அங்கிருந்துதான். தொட்டியின் சுவரைக் கழுவிவிட்டு வால்வை விட்டுவிட்டால் இரண்டு நாளில் திரும்ப வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்து ஊற வைத்துக் கழுவுங்கள். கல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகர். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

இரட்டைக் கதவு வைத்த பெரிய ஃப்ரிட்ஜ்கள் சிலவற்றில் குழாய் லைன் நேராகப் பின்னால் வரும், கார்பன் கார்ட்ரிட்ஜ் உண்டு. மருந்து வாடை என்று சொன்னால் அது குளோரின். கார்பன் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாற்றச் சொல்லி எரியும் விளக்கு பெரும்பாலான மாடல்களில் நாளையோ ஓடிய தண்ணீரின் அளவையோ எண்ணுமே தவிர தண்ணீரைச் சோதிப்பதில்லை; அதை மீட்டரென்று நம்பாதீர்கள். புதியது மாட்டியதும் கரித்தூள் போகும்வரை சில லிட்டர் பிடித்துக் கொட்டுங்கள். உப்புக் கரிப்புக்கு மட்டும் கார்பனை மாற்றிக் காசு வாங்காதீர்கள். கார்பன் வாடையையும் குளோரினையும் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. இறக்குமதிக் கார்ட்ரிட்ஜின் அட்டையில் என்.எஸ்.எஃப். 42 என்று மட்டும் போட்டிருந்தால் அது ருசிக்கும் வாடைக்குமான சான்று. 53 என்பது உடல்நலத்துக்குக் கேடானவற்றைக் குறைப்பதற்கு, அதிலும் எதை எதை என்று அட்டையில் தனியாக இருக்கும். 58 ஆர்.ஓ.வுக்கு.

முட்டை வாடை என்பார்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில்லாமல் தேங்கிய இடத்தில் பாக்டீரியா உண்டாக்குவது. ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டின் ஆர்.ஓ. தொட்டி, யாரும் திறக்காத குழாய்த் துண்டு ஆகியவற்றில் தேடுங்கள். துரு வாசம் என்றால் பழைய இரும்புக் குழாய். கேன் தண்ணீரை ஊற்றிப் பழகிய வீட்டில் பிளாஸ்டிக் வாசம் அடித்தால் கேன் வெயிலில் நின்றிருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஒட்டியிருக்கிறதா என்று அப்போதே திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்று: ஃப்ரிட்ஜில் பிடித்த தண்ணீரைச் சில்லென்று குடித்துப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். குளிர்ச்சி நாக்கை மந்தமாக்கும். தம்ளரை மேடையில் வைத்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகு குடித்துப் பாருங்கள். ஒளிந்திருந்த உப்பும் வாடையும் வெளியே வரும். மீட்டரும் அப்படித்தான், ஐஸ் தண்ணீரில் சில மீட்டர்கள் குறைத்துக் காட்டும்.

இனி, நம் ஊர் போர் தண்ணீரில் அந்த உப்பு எப்படி வந்தது? உங்களில் பலர் வீட்டில் ஒருவராவது டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிறவராக இருப்பார். அந்த வருமானத்தில்தான் இந்த ஃப்ரிட்ஜ்களும் வந்தன. அதனால் தொழிலைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டு உப்பைத் தேய்த்து அனுப்புகிறார்கள். டேனரியில் முதல் வேலை அந்த உப்பைத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி எடுப்பது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு உண்டு. குரோம் வந்தபின் மற்ற ரசாயனங்களும் சேர்ந்தன. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் கழிவு பல ஆண்டுகள் வாய்க்காலிலும் ஏரியிலும் பாலாற்று மணலிலும் விடப்பட்டது. ஆற்றில் வருடத்தில் பெரும்பகுதி தண்ணீர் ஓடுவதில்லை, கழுவிக்கொண்டு போக ஆளில்லை. உப்பு மக்காது, ஆவியாகாது. இறங்கிய இடத்தில் இருக்கும், நிலத்தடி நீர் நகரும்போது கூடவே நகரும்.

அந்தத் தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது நம் ஊர்த் தண்ணீர்தான். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் படிக்கிறார்கள். டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், இழப்பீட்டை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். இடையில் ஊருக்கு ஊர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவு குறைந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் இறங்கியது கீழேதான் இருக்கிறது.

இந்தக் கணக்குகளில் நான் தேடிய ஒன்று இல்லை. நிலம் கெட்ட உழவர்களின் கணக்கு இருக்கிறது. நல்ல தண்ணீருக்காக மெஷினுக்கும் கேனுக்கும் மாதாமாதம் செலவழிக்கும் அடுப்படிகளின் கணக்கு இல்லை. அந்த அடுப்படிகளுக்குள் தினமும் கையில் மீட்டரோடு நுழைகிறவர்கள் நீங்கள். எந்தத் தெருவில் போர் 900, எந்தத் தெருவில் 3,000, மழைக்கு முன் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு என்பது உங்கள் எல்லோருடைய தலையிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அதன் பிறகு கரையோரத் தெருக்களில் போரின் எண் இறங்கியதா, எத்தனை மாதத்தில் பழையபடி ஏறியது? அதை எழுதி வைத்திருந்தால் இன்று எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

நாக்கின் புகாரை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் சான்று. 2014 ஏப்ரலில் அங்கே குடிநீரின் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். நிறம், வாடை, ருசி எல்லாம் கெட்டுவிட்டது என்று பெண்கள் பாட்டிலோடு கூட்டங்களுக்கு வந்து காட்டினார்கள். ஒன்றுமில்லை என்றே அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இன்ஜின் பாகம் அரிக்கிறது என்று அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. வீடுகளில் குழந்தைகள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது வெளிப்பட மறு வருடம் ஆயிற்று. ஈயத்துக்கு ருசி கிடையாது. ருசி சொன்னது, ஏதோ மாறிவிட்டது என்பதை மட்டும்.

நம் ஊரில் அந்த ருசியில்லாத பொருள் குரோமியம். டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட வகை. அது எளிதில் கரைந்து ஓடாது, சேற்றில் தங்கும். ஆறு இணைதிறன் கொண்டது நஞ்சு, நன்றாகக் கரையும். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக்குவியலைப் பற்றிய பயம் அதனால்தான். குடிநீர் தரநிலையான ஐ.எஸ். 10500, மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் மீட்டர் 1,900 என்று காட்டும்போது அதற்குள் இந்த 0.05 எங்கே தெரியும்? மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. கரைந்திருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. ஆகவே டேனரிக்கோ பழைய கழிவு வாய்க்காலுக்கோ அருகில் போர் இருந்தால், மஞ்சள் சாயல் கண்டால், நீங்களாக முடிவு சொல்லாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். வழக்கமான சோதனைப் பட்டியலில் குரோமியம் பெரும்பாலும் இருப்பதில்லை, "குரோமியமும் பார்க்கணும்" என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொதிக்க வைத்துக் குடிக்கிறோம் என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். தண்ணீர் வற்றும் அளவுக்கு உப்பும் உலோகமும் அடர்த்தியாகும்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள் என்று நீங்களும் சொல்கிறீர்கள், பத்திரிகைகளும் எழுதுகின்றன. இங்கே அது ஆகாது. 1,500 உள்ளே போய், நாலில் ஒரு பங்கு 100-ஆக வடிந்தால், மீதி முக்கால் பங்கு ஏறக்குறைய 1,970-ஆக வெளியே வரும். அதை ஊற்றினால் கறிவேப்பிலைச் செடி இலை நுனி கருகி நிற்கும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளட்டும். பயன்படுத்தாத பழைய போர் குழியில் அந்தக் குழாயைச் சொருகிவிடுகிற பழக்கத்தை மட்டும் யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். பிரித்தெடுத்த கழிவை எங்கே வைப்பது என்பது பெரிய ஆலைகளுக்கும் உயிர்ப் பிரச்சினை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள்.

சீட்டில் எழுத வேண்டியது அதிகமில்லை. தேதி, தெரு, போர் ஆழம் தெரிந்தால் அது. நகராட்சிக் குழாய், போர், மாடித் தொட்டி, ஆர்.ஓ., ஃப்ரிட்ஜ் என ஐந்து எண்கள். வீட்டார் என்ன ருசி சொன்னார்கள், எந்தக் கிழமையில். நீங்கள் எதை மாற்றினீர்கள். ஒரு சீட்டை ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள், இன்னொன்றை உங்கள் நோட்டில் வையுங்கள். நோட்டில் வீட்டாரின் பெயர் வேண்டாம், தெரு போதும். அடுத்த முறை யார் போனாலும் அந்தச் சீட்டைப் பார்த்துத் தொடங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் நோட்டுகளை எல்லாம் சேர்த்துத் தெருவாரியாகப் பட்டியல் போட நான் உட்காரத் தயார். அந்தப் பட்டியல் நகராட்சிக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நேரில் போகும்.

அதற்கு முன் உங்கள் மீட்டர் உண்மை பேசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள். முதலில் அதை மட்டும் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். பிறகு நகைக்கடைத் தராசில் ஒரு கிராம் தூள் உப்பு நிறுத்து, அதில் கரைத்து அளந்தால் 1,000-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 700 என்றோ 1,300 என்றோ காட்டினால் மீட்டரின் பின்னால் இருக்கும் சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். திருகு இல்லாத மீட்டரானால் வேறு வாங்குங்கள். வெயில் உச்சத்துக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள். போன்கள் வரத் தொடங்கிவிட்டன.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்
ஆம்பூர்